மருந்துக்கடை மாஜியின் பச்சைப் பேனா

மாஜி என்றோர் உயிரினம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்க்காமல் தப்பிக்கவே முடியாது, ஏனென்றால் அதுவே எதிரில் வந்து தன்னைக் காட்டிவிட்டுத்தான் நகரும். மாஜி தலைமையாசிரியர், மாஜி சங்கச் செயலாளர், மாஜி கால்பந்துக் கேப்டன் என்று அதில் கிளைகள் எத்தனையோ இருந்தாலும், எல்லாவற்றுக்கும் தலைச்சன் போன்ற ஒரு ரகம் எங்கள் தெருவில், என் அச்சகத்துக்குப் பக்கத்திலேயே, கடை போட்டு உட்கார்ந்திருக்கிறது. மருந்துக்கடை மாஜி. ஐந்தே ஐந்து வருஷம் சட்டமன்ற உறுப்பினர். அதற்கு முன்னால் இருபது வருஷம் மருந்தாளுநர். அதற்குப் பின்னால் பதினான்கு வருஷமாக மறுபடியும் மருந்தாளுநர். ஆனால் அவரிடம் போய் "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஐந்து வருஷம்தான் வாயில் வரும். மற்ற முப்பத்து நான்கு வருஷம் எங்கே போயிற்று? அது அவருக்கே தெரியாது.

ஊர் அவரை முகத்துக்கு நேரே "மெம்பர்" என்று கூப்பிடும். அவர் திரும்பியதும் "மாஜி" என்று சொல்லும். நான் "அண்ணே" என்பேன். எனக்கு ரத்தக்கொதிப்பு. பாதி அவரால் வந்தது. முழுதுக்கும் மாத்திரை அவரிடம்தான் வாங்குகிறேன்.

அவர் எப்படி ஜெயித்தார்? அந்த வருஷம் ஓர் அலை அடித்தது. அந்த அலையில் எங்கள் தொகுதியில் ஒரு தபால்பெட்டியை நிறுத்தியிருந்தாலும் ஜெயித்திருக்கும். கட்சிக்குத் தபால்பெட்டி கிடைக்கவில்லை, இவர் கிடைத்தார். போனார். ஐந்து வருஷத்தில் சபையில் ஒரே ஒரு முறை பேச எழுந்தார். நான்கு நிமிஷம் கொடுத்தார்கள். தலைவருக்கு நன்றி, சபாநாயகருக்கு நன்றி, அமைச்சர்களுக்குத் தனித்தனியாக நன்றி, வாய்ப்பு வாங்கிக் கொடுத்தவருக்கு நன்றி, அவரை அறிமுகப்படுத்தியவருக்கு நன்றி என்று மூன்றே முக்கால் நிமிஷத்தை நன்றியிலேயே கழித்துவிட்டு, "எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்குக் கூரை இல்லாத காரணத்தால்..." என்று விஷயத்துக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. உட்கார்ந்துவிட்டார். அந்த மீதிப் பேச்சு இன்றைக்கும் அவர் வயிற்றுக்குள் இருக்கிறது. இருமல் மருந்து வாங்கப் போகிறவர்கள் தலையில்தான் அது இறங்கும்.

கடைக்குள் போனதும் முதலில் உங்களுக்குக் காட்டப்படுவது ஒரு புகைப்படம். சட்டமன்றப் படிக்கட்டில் உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தலையும் கடுகு அளவு. மூன்றாவது வரிசையில் ஒரு கடுகின் மேல் பச்சை மையில் அம்புக்குறி போட்டிருக்கும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி படிப்பதற்காக வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை உங்கள் கையில் கொடுத்து, "நல்லாப் பாருங்க" என்பார். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்த ஒரு பாவப்பட்ட மனுஷனை இப்படிக் கால்மணி நேரம் பார்க்க வைத்தார். அவனுக்குக் கண்ணே தெரியவில்லை என்றுதான் மருந்துக்கு வந்திருக்கிறான்!

அப்புறம் கேள்வி நேரம்.

"மெம்பர், தலைவலிக்கு ஒரு மாத்திரை குடுங்க."

"தலைவலி எப்பலேர்ந்து?"

"காலைலேர்ந்து."

"காலைன்னு பொத்தாம்பொதுவா சொன்னா எப்படி? மணி சொல்லுங்க. இதுக்கு முன்னால இருந்தவங்க கிட்ட இந்தப் பிரச்சினையைக் கொண்டு போனீங்களா?"

"யாருகிட்ட?"

"கொண்டு போயிருக்க மாட்டீங்க. இந்த ஊர்ல இதுதான் குறை. பஸ் நிலையத்துக்குக் கூரை இல்லாத காரணத்தால, வெயில்ல நின்னு நின்னு..."

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, தலைவலி மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டு, வந்தவர் கையில் வைத்துவிட்டுப் போய்விடும். அது அவருடைய மனைவி. எனக்கு அண்ணி. சபை விவாதித்துக்கொண்டே இருக்கும், அண்ணி நிறைவேற்றிக்கொண்டே இருப்பார். நடுவில் அவர் ஏதாவது வாய் திறந்தால், "அது அவைக்குறிப்புல ஏறாது" என்பார் மாஜி. "மத்தியானச் சாப்பாடு மட்டும் ஏறணுமாக்கும்?" என்று அண்ணி ஒரே வரியில் சபையைக் கலைத்துவிடுவார்.

அந்தக் காகிதக் கவர் இருக்கிறதே, அதற்குத் தனி வரலாறு உண்டு. அதில் எனக்கும் பங்கு உண்டு. பதவி முடியப்போகிற வருஷம், மறுபடியும் ஜெயிப்பது உறுதி என்று நம்பி, என் அச்சகத்தில் பெயரும் பதவியும் போட்ட கடிதத்தாள் பத்தாயிரம் அடிக்கச் சொன்னார். "அண்ணே, ஆயிரம் போதுமே" என்றேன். "நீ அச்சகம், அச்சடி. ஆரூடம் சொல்லாதே" என்றார். அடித்தேன். தோற்றார். தாளெல்லாம் வீட்டுக்குள் மலையாகக் கிடந்தது. அண்ணி பார்த்தார், கத்தரிக்கோலை எடுத்தார், பசையைக் காய்ச்சினார், ஒவ்வொரு தாளையும் மாத்திரைக் கவராக மடித்துவிட்டார். மாஜி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் என்னிடம் வந்து, "பொய் சொல்ற மாதிரி ஆயிடக் கூடாது பாரு" என்று 'முன்னாள்' என்று ஒரு ரப்பர் முத்திரை செய்து வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும், வயிற்றுப்போக்கு மாத்திரை 'முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்' என்ற கவருக்குள்தான் இருக்கும்.

இதெல்லாம் சில்லறை வியாதிகள். பெரிய வியாதி, பச்சைப் பேனா.

பெரிய இடத்தில் இருப்பவர்கள் பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்று பதவிக்கு வந்த முதல் வாரம் யாரோ இவர் காதில் ஓதிவிட்டான். ஐந்து வருஷம், வந்த மனுவிலெல்லாம் ஓரத்தில் பச்சை மையில் 'ஆவன செய்க' என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்துப் போட்டு, மனு கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, கும்பிட்டு அனுப்பிவைத்தார். பதினோராயிரம் மனுக்கள். எத்தனை நடந்தன? ஒன்றுகூட இல்லை! தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் தையல்காரர், வாசலில் ஒரு தெருவிளக்கு வேண்டுமென்று ஒன்பது தடவை மனு கொடுத்து, ஒன்பது தடவை 'ஆவன செய்க' வாங்கி, ஒன்பதையும் சட்டம் போட்டு மாட்டாத குறையாகப் பத்திரமாக வைத்திருக்கிறார். விளக்கு மட்டும் வரவில்லை.

பதவி போயிற்று, கைக்கு அது தெரியவில்லை. கவனம் வேறெங்காவது இருக்கும்போது ஒரு சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. டாக்டர் எழுதிய மருந்துச்சீட்டின் ஓரத்தில் 'ஆவன செய்க' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, ஒரு கும்பிடும் போடுவார். மருந்து? அது யாராவது கொடுப்பார்கள் போல! விவரம் தெரிந்தவர்கள் அங்கேயே நின்று அண்ணியைக் கூப்பிடுவார்கள். தெரியாதவர்கள் திருப்தியாக வீட்டுக்குப் போய், சீட்டைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துக்கொள்வார்கள். இரண்டு பேருக்கு அதிலேயே காய்ச்சல் விட்டிருக்கிறது என்று அவரே சொல்கிறார்.

இதற்கு மேல் அவருக்கு ஒரு சித்தாந்தமும் உண்டு. "எழுத்துல குடுத்ததை வாய்ல வாபஸ் வாங்க முடியாது." இதைச் சொல்லிச் சொல்லி ஊருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டு பாட்டில் என்று எழுதிக்கொண்டு வந்த வாத்தியார் "ஒண்ணு போதும்" என்று சொன்னபோது, அதை எழுத்தில் கொடுத்தால்தான் ஆயிற்று என்று உட்காரவைத்து எழுதி வாங்கினார். தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

போதும், திட்டியது போதும். நல்லதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. மருந்துச்சீட்டைப் படிப்பதில் அந்த மனுஷனுக்கு ஈடே கிடையாது. கோழி கிளறிய மாதிரி எந்த டாக்டர் எழுதியிருந்தாலும், தூரத்திலிருந்து ஒரு பார்வை. மருந்தின் பெயர், அளவு, எழுதினது யார், எழுதும்போது அவர் பசியோடு இருந்தாரா என்பதுவரை சொல்லிவிடுவார். தெருவில் இருமிக்கொண்டு போகிறவர் யாரென்று உள்ளேயிருந்தே தெரியும். போன மாதம் அவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் தெரியும். ஒருமுறை என் மாமியாருக்குக் கொடுத்த இரண்டு மாத்திரைகள் ஒன்றோடொன்று சேராது என்று கண்டுபிடித்து நிறுத்தினார். "அண்ணே, பெரிய காரியம் பண்ணீங்க" என்று நான் தழுதழுத்தபோது என்ன சொன்னார் தெரியுமா? "அது கெடக்கு விடு, கடைக்காரன் வேலை. அந்தக் கூரை விஷயம் சொல்லிக்கிட்டிருந்தேனே, எங்க விட்டேன்?"

பதினான்கு வருஷம் கழித்து அந்தத் தொலைபேசி வந்தது.

வருகிற தேர்தலுக்கு வேட்பாளர் நேர்காணல். தலைவரே நேரில் பேசப்போகிறார், தலைநகரில், பகல் பதினோரு மணிக்கு. எங்கள் மாவட்டச் செயலாளர் (அவரை எல்லோரும் 'மாவட்டம்' என்றே கூப்பிடுவார்கள்) காலை ஏழு மணிக்கே காரோடு வந்து நின்றுவிட்டார். "பதினொண்ணுக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் பேரை அடிச்சிடுவாங்க, மெம்பர். இந்தத் தடவை விட்டா அப்புறம் இல்ல" என்றார். கூட்டம் காட்ட ஆதரவாளர்கள் வேண்டுமாம். ஊரெல்லாம் தேடி ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்து காரில் திணித்தார்கள். நான் வேறு கட்சி. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அண்ணி உள்ளே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மாஜி பனியனோடு கல்லாமேசைக்குப் பின்னால் நின்று, தலைவரிடம் சொல்லப்போவதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தையல்காரர் வந்தது அந்த நேரத்தில்தான். பாவம், அவருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கத்தரிக்கோலே பிடிக்க முடியாத நிலை. அதற்குப் புதிதாக வந்த சின்ன டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். சீட்டை நீட்டினார். மாஜி வாங்கினார். பார்த்தார். பச்சைப் பேனா எழுந்தது. ஆவன செய்க. கையெழுத்து. கும்பிடு.

தையல்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனதை நான் காரிலிருந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டேன் வேறு. அறிவுகெட்டவன்!

கார் கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும். முன்சீட்டிலிருந்து மாவட்டம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தலைவர் மாதிரி குரலை வைத்துக்கொண்டு ஒத்திகை நடத்தினார்.

"தொகுதிக்கு என்ன செஞ்சீங்க?"

"பதினோராயிரம் பேருக்குப் பரிந்துரை செஞ்சேன்."

"பதவி போனப்புறம்?"

"இன்னைக்கு வரைக்கும் செஞ்சுக்கிட்டே இருக்கேன், தலைவரே."

"சும்மா சொல்லக் கூடாது. கடைசியா யாருக்குச் செஞ்சீங்க?"

"இன்னைக்குக் காலைல, எங்க தெரு தையல்காரருக்கு. மூட்டுவலி மாத்திரை. தினம் ஒண்ணு, முப்பது நாளைக்கு..."

நிறுத்திவிட்டார். மணி அடித்து நிறுத்தியது போல நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"தினமா?" என்றார் தனக்குத்தானே. "தினமா எழுதியிருந்தது?"

"மெம்பர், அடுத்த கேள்வி..."

"வண்டியை நிறுத்துங்க."

"கொஞ்சம் அடக்கிக்குங்க, முன்னால பெட்ரோல் பங்க்ல வசதி இருக்கு" என்றார் மாவட்டம்.

"யோவ், அதுக்கில்லய்யா! அந்த மாத்திரை வாரத்துக்கு ஒண்ணுதான். ஒரே ஒண்ணு. தினம் ஒண்ணு போட்டா பத்துப் பதினஞ்சு நாள்ல ரத்தமே செத்துப்போகும், ஆள் போயிடுவான். அந்த டாக்டர் தப்பா எழுதிட்டான். நான் அதைப் படிச்சேன். படிச்சுட்டு ஆவன செய்யின்னு எழுதியிருக்கேன்!"

கண் படித்திருக்கிறது, அது மருந்தாளுநர் கண். கை எழுதியிருக்கிறது, அது மாஜியின் கை. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உலகத்தில் உண்டா?

கார் ஓரமாக நின்றது. மாஜி அண்ணிக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைத்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"நம்ம கடைல வாங்கலங்க. அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடைக்குப் போயிட்டாராம். அவன், 'மெம்பரே ஆவன செய்யச் சொல்லிட்டாரே'ன்னு ஒரு வார்த்தை கேக்காம முப்பதையும் எடுத்துக் குடுத்துட்டானாம்."

யோசித்துப் பாருங்கள். பதினோராயிரம் மனு. ஒன்றும் நடக்கவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்தப் பச்சைக் கையெழுத்துக்கு ஒருவன் மரியாதை கொடுத்திருக்கிறான். அதுவும் எதற்கு!

அண்ணி கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினார். கால்மணியில் தையல்கடையிலிருந்து திரும்பக் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"ஒண்ணு போட்டாச்சாம். வலி குறையலைன்னு இன்னொண்ணைப் பிரிச்சுக் கையில வெச்சிருக்காரு. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாரு. நீங்களே பேசுங்க."

மாஜி கத்தினார். "அண்ணே, அதைக் கீழ வைங்க! வாரம் ஒண்ணுதான்!"

தையல்காரரின் குரல் நிதானமாக வந்தது. "மெம்பர், ஒன்பது மனு குடுத்தேன், ஒண்ணும் நடக்கல. இது ஒண்ணுதான் நடந்திருக்கு. இதையும் நிறுத்தச் சொல்றீங்களே?"

"நான்தானே எழுதினேன், நான்தானே சொல்றேன்!"

"எழுத்துல குடுத்ததை வாய்ல வாபஸ் வாங்க முடியாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க? உங்க குரலும் சரியில்ல. காருக்குள்ள யாரோ உங்களை மிரட்டிச் சொல்ல வைக்கிறாங்க போல. பயப்படாதீங்க மெம்பர், நான் உங்க பக்கம்தான். மத்தியானம் வரைக்கும் பாப்பேன். எழுத்துப்பூர்வமா வரலைன்னா சாப்பிட்டுட்டு அடுத்ததைப் போட்டுக்குவேன்."

இந்த ஊரை என்ன செய்வது? சொல்லுங்கள், என்ன செய்வது?

மாவட்டம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. அந்த அம்மா பாத்துக்குவாங்க. தலைவர் காத்துக்கிட்டிருக்க மாட்டாரு."

மாஜி ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வருஷம் அந்தப் படிக்கட்டுக் கனவு. மூன்றாவது வரிசையிலிருந்து இரண்டாவது வரிசைக்கு வரும் ஆசை. உள்ளே பாதியில் நிற்கும் பேச்சு. எல்லாம் அந்த முகத்தில் ஒரு சுற்று வந்து போனது. இவருக்கே கிடைத்துவிடக் கூடாதா என்று எனக்கே தோன்றியது. வேறு கட்சிதான் நான், இருந்தாலும்.

"திருப்புங்க" என்றார்.

"திருப்ப முடியாது" என்றார் மாவட்டம். "எனக்கும் அங்க வேலை இருக்கு."

மாஜி கதவைத் திறந்து இறங்கிவிட்டார். இவர் இறங்கினால் நான் எங்கே போவது? நானும் இறங்கினேன். கார் போயே போய்விட்டது. எதிர்ப்பக்கம் தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு வண்டி வந்தது. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட அந்த வெள்ளைச் சட்டையோடு, நீலநிறக் கேன்களுக்கு நடுவில், ஒரு கேனை மடியில் வைத்துக்கொண்டு முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஊர் திரும்பினார். மேடுபள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் தண்ணீர் தெறித்தது. ஒரு மணி நேரம், வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் நிலையத்தைத் தாண்டியபோதுகூடப் பேசவில்லை! கூரையில்லாத அந்த இடத்தைப் பார்க்கக்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

தையல்கடையில் மாத்திரை அட்டையின் ஒரு முனையை அண்ணியும் மறுமுனையைத் தையல்காரரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மணி நேரமாக அப்படித்தானாம். பிரித்த அந்த மாத்திரை தையல் இயந்திரத்தின் மேல், ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தது.

மாஜி உள்ளே போனார். அந்தச் சீட்டை வாங்கினார். பச்சைப் பேனாவைத் திறந்து, 'ஆவன செய்க' என்பதன் குறுக்கே கோடு போட்டு, 'திரும்பப் பெறப்படுகிறது. வாரம் ஒன்று மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதிய அவசரத்தில் எழுத்தெல்லாம் டாக்டர் எழுத்து மாதிரி இருந்தது.

தையல்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "முத்திரை?"

அண்ணி பையைத் துழாவி, கடையிலிருந்து கையோடு எடுத்து வந்த ரப்பர் முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். 'முன்னாள்.' தையல்காரர் தலையை ஆட்டிவிட்டு, அட்டையிலிருந்து கையை எடுத்தார்.

அங்கேயே நின்று மாஜி சின்ன டாக்டருக்குப் போன் செய்தார். அவர் வாழ்நாளிலேயே பேசிய மிகச் சிறிய பேச்சு அது. நன்றி இல்லை, முன்னுரை இல்லை. "டாக்டர், தையல்காரர் சீட்டு. தினம்னு எழுதியிருக்கீங்க. வாரம். ஆமா. ஒண்ணுதான் போட்டிருக்காரு. சரி."

பத்து நிமிஷத்தில் டாக்டரே வந்துவிட்டார். சின்ன வயசு. சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டிருந்தார். தையல்காரரின் கையைப் பிடித்து நாடி பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், புதுச் சீட்டு எழுதினார். "ஒண்ணு போட்டதால பயமில்ல. அது இந்த வாரக் கணக்கு" என்றார். பிறகு மாஜியின் பக்கம் திரும்பினார், கண் கலங்கியிருந்தது. "சார், நீங்க மட்டும் இல்லைன்னா இவரும் போயிருப்பாரு, நானும் போயிருப்பேன். எப்படி நன்றி சொல்றதுன்னே..."

"அது கெடக்கு தம்பி" என்றார் மாஜி, அந்த ஈரச் சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. "நீங்க ஊருக்குப் புதுசு. பஸ் நிலையத்தைப் பாத்தீங்களா? அதுக்குக் கூரை இல்லாத காரணத்தால..."

நான் வெளியே வந்து வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பினால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொகுதி மாவட்டத்தின் சகலைக்குக் கிடைத்தது. மாஜியின் பெயரைப் பதினொன்று ஐந்துக்கே அடித்துவிட்டார்களாம். இப்போது போய் அவர் கடையில் நின்று பாருங்கள். நேர்காணலுக்கு ஏன் போகவில்லை என்று கேளுங்கள். தையல்காரரைப் பற்றி மூச்சு விடமாட்டார். "கொள்கை அடிப்படையில் வெளிநடப்பு செஞ்சேன்" என்பார். எந்தக் கொள்கை என்று கேட்டால் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துவிடுவார். பின்னாலிருந்து அண்ணியின் குரல் மட்டும் வரும்: "ஒரு உயிரைக் காப்பாத்தினதைச் சொல்லுங்கன்னா, தண்ணி வண்டியில வந்ததை வெளிநடப்புங்கிறாரு. இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் பெருமையை எந்த அவைக்குறிப்பிலும் ஏற்ற முடியாது. தையல்காரர் இப்போது கத்தரிக்கோல் பிடிக்கிறார். முதலில் தைத்தது மாஜிக்கு ஒரு வெள்ளைச் சட்டை. பத்தாவது மனுவையும் அதோடு சேர்த்துக் கொடுத்தார். ஆவன செய்க என்று எழுதிக் கொடுத்திருக்கிறது.

இந்த ஜந்துவைப் பார்த்துச் சிரிக்க நமக்கென்ன, சிரிக்கலாம். நான் அந்த ரகம் இல்லை. வியாபாரிகள் சங்கத் தலைவர் வெளியூர் போயிருந்த பதினேழு நாள் நான் தற்காலிகத் தலைவராக இருந்தது உண்மை. அந்தப் பதினேழு நாளில் நான் கொண்டுவந்த சீர்திருத்தங்கள் என்னவென்றால்... வேண்டாம், இங்கே எதற்கு, என் விசிட்டிங் கார்டிலேயே இருக்கிறது.

நீங்களும் அந்த ரகம் இல்லை, தெரியும். தினமும் நீங்கள் ஒழுங்காகச் செய்கிற வேலை ஏதோ ஒன்று இருக்கும். அதை யாராவது பாராட்டினால் "அது கெடக்கு" என்று கையை வீசிவிட்டு, என்றைக்கோ நாலு நிமிஷம் மேடையேறிய கதையை நீங்கள் ஆரம்பிப்பதில்லை. அப்படித்தானே? நல்லது. ஆனாலும் இதைப் படித்து முடித்ததும், பக்கத்தின் ஓரத்தில் 'சரிதான்' என்று ஒரு வார்த்தை எழுதிக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டுவைத்தால் தேவலை என்று கை துறுதுறுக்கிறதே, அது எதனால்? போடுங்கள், தப்பில்லை. பேனாவைத் திறந்ததும் மை என்ன நிறம் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.